கயிறு பிடிப்பவர் யார்?

திருகோணமலையைக் காண வருவோர் தவறாது செல்லும் இடங்கள் சில உள. சுவாமி மலையேறிக் கோணேசப் பெருமானைக் கும்பிடுவர். இராவணன் வெட்டின் விளிம்பிலே நின்று, கீழே மோதும் அலையைப் பார்த்து மெய் சிலிர்ப்பர். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் கை நனைப்பர். நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாத்தீவின் பவளப் பாறைகளைக் கண்டு களிப்பர். அன்புவழிபுரத்தைக் காண்பதற்கென்று எவரும் வருவதில்லை. நகரின் உட்புறத்தே, ஒழுங்கைகளும் வேலிகளும் மாமரங்களுமாக அமைந்த குடியிருப்பு அது. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்டால், அதன் பெயரைத்தான் காட்டவேண்டும். அன்பின் வழியிலே அமைந்த புரம் என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தவர் எவராயினும், அவர் நல்ல நெஞ்சினர் என்பதில் ஐயமில்லை.

அலை வந்து தொடும் கரை எங்கள் ஊருக்கு இல்லை. எனினும், துறைமுகத்தை அடுத்து வாழும் எந்த ஊர்தான் கடலுக்கு அந்நியமாக இருத்தல் கூடும்? விடியற்காலையிலே மீன் பெட்டியைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு கூவி வரும் வியாபாரியின் குரலோடு கடலும் எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிடும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கிக் கரையூர்களை அழித்தபோது, உறவினரைத் தேடி ஓடாத வீடு இங்கே சிலவே. கடல் எங்களுக்குச் சோறும் போடும், துக்கமும் தரும். அவ்விரண்டையும் வாய் பேசாது ஏற்றுக்கொள்ளப் பழகியவர்கள் நாங்கள்.

ஆனால், வாய் பேசாது ஏற்றுக்கொள்ள முடியாத துக்கம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஒழுங்கையிலே நிகழ்ந்தது. என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம். சிங்கி இறால் பிடிக்கவென்று ஒரு நாட் காலை பாறைக் கரையொன்றுக்குத் தனியே சென்றான். கடல் அன்று குளம்போலக் கிடந்தது. நீரின் ஆழமோ மூன்று ஆள் உயரத்தின் மேல் இராது. அவன் நீச்சலிற் பரிசு பெற்றவன். மாலையில் அவனைத் தேடிச் சென்றவர்கள், பாறையடியிலே கண்டெடுத்தார்கள். உடம்பிலே ஒரு கீறலும் இல்லை.

முனி அடித்தது என்றார் சிலர். கால் பிடித்து இழுத்திருக்கும் என்றார் சிலர். அந்தியேட்டிக்குப் போயிருந்தபோது அவனுடைய தாயார் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“நீந்தத் தெரிஞ்ச பிள்ளை எப்பிடி, சேர், தாண்டு போகும்?”

விடை தெரியாத வினாவை மாணாக்கர் எழுப்பினால், “நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்” என்று கூறித் தப்பிக்கொள்ளும் வழக்கம் ஆசிரியர்க்கு உண்டு. அன்று அந்தச் சொல்லும் என் வாயில் வரவில்லை.

விடை தேடிய பயணம்

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலே சுற்றுலாப் பயணிகளுக்குச் சுழியோடப் பயிற்றுவிப்போர் உளர் என்பது எனக்கு முன்பே தெரியும். முதுகிலே காற்றுக் கலத்தைச் சுமந்துகொண்டு இறங்குவது ஒரு வகை. கலம் எதுவுமின்றி, ஒரு மூச்சை உள்ளே அடக்கிக்கொண்டு இறங்கி, அம்மூச்சு முடிவதற்குள் மேலே வருவது மற்றொரு வகை. இதனை வெளிநாட்டினர் ‘ஃபிறீ டைவிங்’ என்பர். நாம் மூச்சடக்கிச் சுழியோடல் எனலாம். அம்மாணவன் செய்தது இதைத்தான். ஆகவே, விடையும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று எண்ணினேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இது என்ன வேலை என்று வீட்டிலே கேட்டார்கள். அதற்கும் என்னிடம் தக்க விடை இருக்கவில்லை.

ஆவணி விடுமுறையில் மூன்று நாட் பயிற்சியொன்றிற் சேர்ந்தேன். கச்சான் காற்று வீசுகின்ற அக்காலத்திலே கீழ்கரைக் கடல் காலை வேளைகளில் அமைதியாக இருக்கும். வாடை தொடங்கினால் இறங்க இயலாது. எங்கள் பயிற்றுநர் மீனவக் குடும்பத்திலே பிறந்து, முறையாகக் கற்றுத் தேர்ந்த இளைஞர். என்னோடு பயின்றவர்கள் இருவர். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த மருத்துவ மாணவி. மற்றவர் நெடிய ஜேர்மானியர்.

முதல் நாள் எவரும் கடலில் இறங்கவில்லை. கிடுகுக் கொட்டிலொன்றில் அமர்ந்து வினாப் பத்திரம் ஒன்றை நிரப்பினோம். இருதய நோய் உண்டா? ஆஸ்துமா உண்டா? காதிலே சீழ் வடிந்ததுண்டா? வலிப்பு வந்ததுண்டா? ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவரின் கடிதமின்றி அப்பால் செல்ல முடியாது. சளி பிடித்திருந்தாலும் அன்றைக்கு இறங்கக்கூடாது. பாறையிலிருந்து நினைத்தவுடன் குதிக்கும் எங்கள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டேன்.

பின்பு கரும்பலகைப் பாடம் தொடங்கிற்று. நீர்மட்டத்திலே நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அமுக்கம். 10 மீற்றர் இறங்கினால் அது இரண்டாகின்றது. 20 மீற்றரில் மூன்று. 30 மீற்றரில் நான்கு. மேலே 6 லீற்றர் காற்றைக் கொண்ட நுரையீரல் 10 மீற்றரில் 3 லீற்றராகச் சுருங்குகின்றது. 20 மீற்றரில் 2. 30 மீற்றரில் ஒன்றரை. ஆதலால், முதற் பத்து மீற்றரிலேதான் மாற்றம் மிகப் பெரிது. ‘ஆழமில்லாத இடந்தானே’ என்னும் எண்ணம் எத்துணைப் பேதைமை என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

முகம் நீரிற் பட்டு மூச்சும் நின்றவுடனே நம் உடம்பு தன்னைத் தானே மாற்றிக்கொள்கின்றது. இருதயத் துடிப்புத் தணிகின்றது. கை கால்களிலுள்ள இரத்தம் மூளைக்கும் இருதயத்துக்குமாக ஒதுங்குகின்றது. மண்ணீரல் சுருங்கித் தான் சேமித்து வைத்த செங்குருதிக் கலங்களை வெளியே விடுகின்றது. கடல் நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள இக்குணம் மனிதனுக்கும் சிறிதளவு உண்டு. தென்கிழக்கு ஆசியாவிலே கடலையே வீடாகக் கொண்டு வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அயலில் வாழும் மற்றை மக்களின் மண்ணீரலிலும் ஏறத்தாழ அரைப்பங்கு பெரிது என்று 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

மூச்சு என்னும் காவலாளி

பிற்பகலிலே விடுதியொன்றின் நீச்சற் குளத்தில், முகத்தை நீரிற் கவிழ்த்து அசையாது கிடந்து மூச்சடக்கும் பயிற்சி. இங்கே எனக்கு ஓர் இறுமாப்பு இருந்தது. பல ஆண்டுகளாகக் காலையிலே பிராணாயாமம் செய்பவன் நான். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே திருமூலர் மூச்சைப் பற்றிக் கூறுவதை மாணவர்க்கு விரித்துரைப்பவன். இளைஞர் இருவர்க்கும் நம் மரபின் வலிமையைக் காட்டிவிடலாம் என்று, குளத்தின் கரையைப் பிடித்தவாறே பஸ்திரிகை முறையில் வேகவேகமாக மூச்சை இழுத்து விடத் தொடங்கினேன்.

“சேர், நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!”

பயிற்றுநரின் குரல் அதட்டலாகவே வந்தது. நான் திகைத்து நின்றேன். அவர் அருகே நீந்தி வந்து, தாழ்ந்த குரலிலே சொன்னார்: “கரையில இருந்து செய்யிறது வேற, சேர். தண்ணிக்குள்ள இறங்க முதல் இப்பிடி மூச்செடுத்தா ஆள் முடிஞ்சுது.”

பின்பு அவர் விளக்கியதை வாசகர்கள், சிறப்பாக மாணவர்கள், ஊன்றிப் படிக்கவேண்டுகின்றேன்.

நம்மை மூச்செடுக்கத் தூண்டுவது ஒட்சிசன் குறைவு என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பெரும்பாலும் அது உண்மையன்று. மூச்சை அடக்கியிருக்கும்போது இரத்தத்திலே காபனீரொட்சைட்டுப் பெருகுகின்றது. அப்பெருக்கத்தை அறிந்தே மூளை, ‘மூச்செடு, மூச்செடு’ என்று மணியடிக்கின்றது. உதரவிதானம் துடிக்கின்றது, நெஞ்சு விம்முகின்றது. இத்துன்பமே நம் காவலாளி. இனி, இறங்குமுன் வேகமாகப் பல தடவை மூச்சை இழுத்து விட்டால் நிகழ்வது யாது? சாதாரண மூச்சிலேயே இரத்தம் ஏறத்தாழ நிறைந்த அளவு ஒட்சிசனைக் கொண்டிருப்பதால், அது மேலும் கூடுவது அற்பமே. காபனீரொட்சைட்டு மட்டும் வெளியேறிவிடுகின்றது. அதாவது, வீட்டிலே பொருளைச் சேர்க்காமல், காவலாளியை மட்டும் உறங்கவைத்துவிட்டோம். நீரின் கீழே ஒட்சிசன் தீர்ந்துகொண்டே போகும், மணியோ ஒலிக்காது. சுகமாக இருப்பது போலவே தோன்றும். மேலே வரும்போது அமுக்கம் குறைந்து நுரையீரல் விரிய, எஞ்சிய ஒட்சிசனின் வலுவும் சடுதியாகக் குறையும். அக்கணத்திலே விளக்கணைந்தாற்போல் உணர்வு அற்றுவிடும். இத்தகைய மயக்கம் அடியாழத்திலே வருவது குறைவு. நீர்மட்டத்தை அண்மிக்கும்போதோ, தலை வெளியே வந்து சில செக்கன் கழிந்த பின்போதான் பெரும்பாலும் வருகின்றது. பக்கத்திலே ஒருவர் இருந்து முகத்தை நீருக்கு மேலே தாங்கினால், பெரும்பாலார் சிறிது நேரத்திலே விழித்துக்கொள்வர். எவரும் இல்லையேல், நான்கடி நீரும் போதும்.

அவர் சொல்லி முடித்தபோது என் கை கால்கள் குளிர்ந்துவிட்டன. குளத்து நீரின் குளிரன்று அது.

அம்மாணவன் பத்தாம் வகுப்பிலே இருந்தபோது, ஒரு நாள் பாட நடுவே எழுந்து பெருமையோடு கூறியது நினைவுக்கு வந்தது: “சேர், இருபது தரம் கெதியா மூச்செடுத்துப்போட்டுத் தாண்டா, ரெண்டு நிமிசம் தண்ணிக்குள்ள நிக்கலாம். மூச்சு முட்டவே முட்டாது.” மற்றைய மாணவர் சிரித்தனர். நானோ, “சிரிக்காதீர்கள். இதுதான் பிராணாயாமத்தின் வலிமை” என்று வகுப்பின் முன்னே அவனை மெச்சினேன்.

தாயார் கேட்ட கேள்விக்கு விடை தெரியாதவன் என்று மட்டுமே என்னை எண்ணியிருந்தேன். பிழையான விடையை அவர் மகனுக்கு முன்பே கற்பித்தவன் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

யோகநூலார் மீது குற்றமில்லை. பிராணாயாமத்தைக் குருவின் துணையோடு, நிலத்தில், ஓரிடத்தில் அமர்ந்து பழகுமாறே நம் பெரியோர் விதித்தனர். அதனைக் கடலுக்குள்ளே கொண்டுபோனவர் நாமே. பயிற்றுநர் கற்பித்த முறையும் நம் மரபுக்கு அந்நியமானதன்று. இரண்டு நிமிடம் மல்லாந்து கிடந்து, வயிற்றால் மெல்ல மூச்செடுத்து, எடுத்ததினும் மெல்ல விட்டு, உடம்பின் இறுக்கமெல்லாம் தளர்ந்தபின் ஒரு முழு மூச்சு, அவ்வளவே. முதல் முறை 50 செக்கன் இருந்தேன். உதரவிதானம் துடிக்கத் தொடங்கியதும் பதறி எழுந்துவிட்டேன். மாலையிலே ஒரு நிமிடமும் 55 செக்கனும் இருந்தேன். பக்கத்தில் நின்ற மருத்துவ மாணவி இடையிடையே என் தோளைத் தொடுவார். நான் ஒரு விரலை அசைத்துக் காட்டவேண்டும். அசைக்கவில்லையேல் உடனே முகத்தைத் தூக்கிவிடுவார். அந்தத் தொடுகை இருந்தமையினால்தான் அவ்வளவு நேரம் அமைதியாக இருக்க முடிந்தது.

சலாபத்துக் கயிறு

இக்கலை மேல்நாட்டிலிருந்து நேற்று வந்தது என்று கருதுவோர் மன்னார்க் கடலை மறந்தவர் ஆவர். பாண்டியரின் கொற்கைத் துறையிலும், எங்கள் மன்னார்க் கரையின் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களிலும் நூற்றாண்டு பலவாக மூச்சடக்கி முத்துக் குளித்தவர் தமிழரே. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குளியாட்கள் வந்து கூடுவர். அரபு நாட்டவரும் வருவர். மார்க்கோ போலோ தம் பயணக் குறிப்புக்களிலே இதனை விரித்துரைத்துள்ளார். சுறாமீன் தீண்டாதவாறு மந்திரிப்போரையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தின்போது மரிச்சுக்கட்டியில் அரச உத்தியோகத்தராகக் கடமை பார்த்த இளைஞர் ஒருவர் பிற்காலத்திலே ஆங்கில எழுத்தாளராகப் புகழ் பெற்றார். அவரே லெனாட் வுல்ஃப். 1925ஆம் ஆண்டோடு மன்னார்ச் சலாபத்தின் பெரும் பொலிவு அடங்கிற்று. தூத்துக்குடியில் 1961 வரை நடந்தது.

குளியாள் இறங்கிய முறையைக் கவனியுங்கள். தோணியிலிருந்து கயிற்றிலே கட்டித் தொங்கவிட்ட கனத்த கல்லொன்றின் மீது ஒரு காலை ஊன்றுவான். கழுத்திலே வலைப் பை. கையால் மூக்கைப் பொத்திக்கொள்வான். அரபியர் கொம்பாற் செய்த கவ்வியொன்றை மூக்கில் மாட்டிக்கொள்வர். கல் அவனை ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்துக்குக் கொண்டு செல்லும். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி பொறுக்குவான். ஒன்றரை நிமிடம் இருப்பவர் அரியர். பின் கயிற்றை அசைப்பான். அக்கணமே தோணியில் நிற்பவன் அவனை மேலே இழுத்துவிடுவான். கயிறு பிடிப்பவன் கண்ணை இமைத்தால் குளித்தவன் உயிர் போய்விடும்.

ஆகையால், அக்கயிற்றை மைத்துனன் கையிலேதான் கொடுப்பார்கள் என்று கர்ணபரம்பரையாக ஒரு பேச்சுண்டு. தன் உடன்பிறந்தாள் தாலிக்கு அவனன்றோ காவல்! ‘மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும்’ என்று தேனெடுப்போர் மீது வைத்துச் சொல்லும் பழமொழியும் இக்கருத்தினதே. ஏட்டுக் கல்வி இல்லாத அம்மக்கள் ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் அறியார். ஆயினும், மூச்சடக்கியவன் தன்னைத் தானே காக்க முடியாது என்னும் ஒன்றை ஐயந்திரிபற அறிந்திருந்தனர். முத்துப் போயிற்று, கல்லும் தோணியும் போயின. பாறையிலிருந்து குதிக்கும் திறமை மட்டும் நம் பிள்ளைகளிடம் எஞ்சியிருக்கின்றது. கயிற்றைத் தவறவிட்டு விட்டோம்.

கொரியாவின் ஜேஜு தீவிலே இன்றும் கலமின்றிச் சுழியோடிக் கடல் உணவு சேர்க்கும் பெண்கள் உளர். அவர்களுட் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய மரபை 2016இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அவர்களும் கூட்டமாகவே கடலுக்குச் செல்வர்.

இனி, ஆழத்தையே குறியாகக் கொண்டோரும் உளர். 1949இல் இத்தாலியரான ரைமொண்டோ பூக்கர் 30 மீற்றர் இறங்கியபோது அது பெருவியப்பாயிற்று. 1976இல் பிரெஞ்சுக்காரரான ஜாக் மயோல், யோகப் பயிற்சியில் ஈடுபாடு மிக்கவர், 100 மீற்றரைத் தொட்டார். 2007இல் ஒஸ்திரியரான ஹேர்பேட் நிற்ச், பாரம் கட்டிய பொறியொன்றைப் பற்றிக்கொண்டு 214 மீற்றர் இறங்கினார். இவர்களெல்லாம் தனியே சென்ற வீரர்கள் என்று நினையாதீர்கள். ஒவ்வொருவருக்கும் கயிறு இருந்தது. மேலே காத்திருந்தோர் இருந்தனர்.

கோணமலையின் எதிரே

இரண்டாம் நாட் காலை படகேறினோம். தெற்கே திரும்பினால் கோணமலை நீலவானிலே எழுந்து நின்றது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர்; தூண்களும் சிற்பங்களும் மலையடிக் கடலிலே வீழ்ந்தன. 1956இல் விஞ்ஞான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அவ்விடத்திலே சுழியோடி, செதுக்கிய கற்கள் கிடப்பதைக் கண்டனர். பின்பு வில்சன் கடலடியிலிருந்து இலிங்கமொன்றையும் மீட்டார். 1963இல் இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மேலே நின்று நூறு முறை கும்பிட்ட மலையை, நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தது எனக்கு அதுவே முதல் முறை. மனத்துள்ளே ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன்.

ஆழமான இடத்திலே மிதவையொன்றை விட்டு, அதிலிருந்து பாரம் கட்டிய கயிறொன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டார் பயிற்றுநர். முகக்கண்ணாடி, மூச்சுக் குழல், நீண்ட துடுப்புக்கள், ஈயக் கட்டி கோத்த இடுப்புப் பட்டி ஆகியவற்றை அணிந்து கயிற்றைப் பற்றித் தலைகீழாக இறங்கவேண்டும். நான்கு மீற்றரிலே என் காதுகளிற் கத்தி செருகினாற்போல் வலித்தது. திரும்பிவிட்டேன். மறுபடியும் அவ்வாறே. அன்றைய பொழுது முழுவதும் தோல்விதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதுவது பிழை. நாவின் அடியை மேலெழுப்பி, வாயிலுள்ள காற்றை மெல்லச் செவிப்புறம் தள்ளவேண்டும். வலி வந்தபின் அன்று, வருமுன் தள்ளவேண்டும். மாலை முழுவதும் வீட்டிலே மூக்கைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்த என்னைக் கண்டு பிள்ளைகள் சிரித்தனர்.

“கடலோட சண்டை பிடிக்காதேங்கோ, சேர்” என்றார் பயிற்றுநர் மூன்றாம் நாள். “காது விடாட்டித் திரும்பி வாங்கோ. கடல் இங்கதான் இருக்கும்.”

அவ்வார்த்தை எனக்கு உதவிற்று. எண்ணிக்கை பாராது இறங்கினேன். கையைக் கையின் மேல் மாற்றிக் கயிற்றை இழுத்துச் சென்றேன். ஐந்து மீற்றர் கடந்ததும் காது தானே திறந்தது. மார்பு இனிதாக இறுகிற்று. பின்னர், மேலே தள்ளிக்கொண்டிருந்த நீர் தள்ளுவதை நிறுத்தி, என்னை ஏந்திக்கொண்டது. எங்கும் நீலம். எங்கோ பாறைகளிலே சிற்றிறால்கள் பொரி பொரிப்பது போல ஒலித்தன. இருதயம் ஆறுதலாக அடித்தது. கயிற்றின் நுனியில் நின்ற அடையாளத்தைத் தொட்டேன்: 11 மீற்றர். அந்நேரத்திலே அச்சமே இல்லை. அதுவே எனக்கு அச்சத்தைத் தந்தது. அம்மாணவனும் இத்தகைய அமைதியிலேதான் இருந்திருப்பான்!

திரும்பி மேலே நோக்கினேன். ஒளியின் நடுவிலிருந்து ஓர் உருவம் என்னை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த மருத்துவ மாணவிதான். ஒருவர் கீழே சென்றால் ஒருவர் மேலே விழித்திருப்பார். சென்றவர் திரும்பும்போது, ஆபத்து மிகுந்த அந்தக் கடைசி மீற்றர்களில் எதிர்கொண்டு அழைத்து வருவார். முகத்துக்கு முகம் நோக்கியவாறே இருவரும் மேலே வந்தோம். “மூச்செடுங்கோ! மூச்செடுங்கோ!” என்றார். எடுத்தேன். அதன் பின்பும் அவர் கண் என்னை விட்டு அகலவில்லை. வெளியே வந்தவரை முப்பது செக்கன் உற்று நோக்கவேண்டும் என்பது விதி. மறுபடி இறங்குமுன், நீரடியில் இருந்த நேரத்தின் இரு மடங்கேனும் இளைப்பாறவேண்டும் என்பதும் விதி. என் மகள் வயதுடைய ஒரு பெண், அறிமுகமில்லாத என் முகத்தை அந்த முப்பது செக்கன் பார்த்திருந்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

மீண்டும் எங்கள் ஒழுங்கையில்

அன்று மாலையே அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்றேன். விளக்கேற்றும் நேரம். மகனுடைய படத்துக்கு முன்னே நித்தியகல்யாணிப் பூ இரண்டு கிடந்தன. தேநீர் வைத்துத் தந்தார். நான் அறிந்துகொண்டதை, கரும்பலகையும் கணக்கும் இல்லாமல், எளிய சொற்களிற் சொன்னேன். முனியுமில்லை, பேயுமில்லை என்றேன். வகுப்பிலே அவனை நான் மெச்சிய கதையையும் மறைக்காமற் சொன்னேன். அதைச் சொல்லுவது பதினொரு மீற்றர் இறங்குவதிலும் கடினமாக இருந்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டார்.

“அவன் கஷ்டப்பட்டவனோ, சேர்?”

“இல்லையம்மா. மூச்சு முட்டியிராது. நித்திரை வாற மாதிரி வந்திருக்கும். அவனுக்குத் தெரிஞ்சே இராது.”

ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யன்று அது. நான் கற்ற பாடத்தின் உண்மை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “உங்களுக்கும் தெரியாதுதானே, சேர். இப்ப தெரியும். மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ” என்றார்.

அவருடைய கட்டளையை நிறைவேற்றவே இதனை எழுதுகின்றேன். மாணவர்களே, கடலையும் குளத்தையும் விட்டு விலகுங்கள் என்று நான் சொல்லவில்லை. விலகி வாழ எங்கள் ஊர்களால் இயலாது. இறங்குமுன் வேகமாக மூச்செடுக்காதீர்கள். மூச்சு முட்டாமையைத் திறமையென்று எண்ணி மகிழாதீர்கள். ஒருவரை ஒருவர் பந்தயத்துக்கு இழுக்காதீர்கள். இருவர் சென்றாலும் ஒரே நேரத்தில் இருவரும் மூழ்காதீர்கள். ஒருவர் மேலே விழித்திருங்கள். வெளியே வந்தவரை முப்பது எண்ணும்வரை பார்த்திருங்கள். இவ்வளவுக்கும் காசு வேண்டாம், கருவி வேண்டாம். ஆழம் செல்ல விரும்பினால் முறையான பயிற்சியிற் சேருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கடலுக்குப் புறப்படும்போது ‘கவனம்’ என்று மட்டும் கூறி அனுப்பாதீர்கள். நம் முன்னோர் தோணியடியிலே கேட்டிருக்கக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்: கயிறு பிடிப்பவர் யார்? அதற்கு ஒரு பெயரைச் சொல்ல இயலாத பிள்ளை, அன்றைக்குக் கரையில் இருக்கட்டும்.